வயிற்றில் மழை சுமந்த படகு

"படகு உப்புத் தண்ணியவே குடிக்குதே மாமா, அப்புறம் அதுக்குத் தாகம் எப்படி அடங்கும்?"

துறைக்கல்லில் குந்திக்கொண்டு இப்படிக் கேட்டவள் ரொட்டிக்கடைக்காரரின் மகள் லூட்சியா. அப்போது அவளுக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. டோஞ்சி தன் பாய்ப்படகுக்குள் கடலைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். மற்றப் படகுகளின் அடியில் இருப்பதுபோல் அந்தப் படகின் அடியில் இரும்போ ஈயமோ கிடையாது. தரைப்பலகைக்குக் கீழே நீளவாக்கில் ஒரு தொட்டி மட்டும் உண்டு. படகை நீரில் இறக்கி வால்வைத் திறந்தால் கடல் உள்ளே வந்து தொட்டியை நிரப்பும். அந்தக் கனம்தான் காற்றில் படகைக் கவிழாமல் பிடித்து நிறுத்தும். கரையேற்றும்போது தண்ணீரை வடித்துவிட்டால் ஒரு சின்னக் காரே இழுத்துவிடும். ஊரில் எல்லோரும் அந்தத் தொட்டியை வயிறு என்றுதான் சொன்னார்கள்.

"அடங்காதுடி கண்ணு," என்றான் டோஞ்சி. "அதனாலதான் மறுபடி மறுபடி கடலுக்கே போகுது."

லூட்சியாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. "பாவம்," என்று படகைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். படிக்கட்டில் மீன் அலசிக்கொண்டிருந்த டோஞ்சியின் மனைவி பெரினா வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் அந்தப் 'பாவம்' அவளுக்குள் எங்கோ தங்கிவிட்டது.

பின்னொரு நாள் டோஞ்சி ஒலிவ மரத்துக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தபோது மரத்தடியிலேயே சாய்ந்து இறந்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கடுத்த குளிர்காலம் முழுவதும் பெரினா காலையில் இரண்டு கோப்பைகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பிறகு ஒன்றை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். யாரும் பார்க்காத வீட்டில் அதற்காக வெட்கப்படவும் செய்தாள்.

வசந்தத்தில் நல்ல மழை. வீட்டு மழைத்தொட்டி நிரம்பி வழிந்து, மீதித் தண்ணீர் சந்து வழியாக ஓடிக் கடலில் விழுந்தது. அவர்கள் ஊர் ஒரு சிறு தீவு; அங்கே குவளையின் அடியில் மீந்த வாய்த் தண்ணீரைக்கூட ரோஸ்மேரிச் செடிக்கு ஊற்றிவிட்டுத்தான் குவளையைக் கவிழ்ப்பார்கள். கோடையில் தண்ணீர்க் கப்பலுக்குக் காத்திருந்து வளர்ந்தவர்கள் அவர்கள். நல்ல மழை கடலில் போய் விழுவதைப் பெரினாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. படகு அப்போதுதான் துறையில் இறங்கி, வயிறு காலியாக, பஞ்சுபோல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் வயிற்றை அலசிவிட்டு, தொட்டி வழியும் வாயில் ஒரு குழாயை மாட்டி, மறுமுனையைப் படகின் வயிற்றுக்குள் விட்டாள்.

டீசல் பங்கில் நிற்கும் பெப்போ வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தான்.

"என்ன பெரினா அக்கா, படகுக்கு ஞானஸ்நானமா?"

"சுமக்கறது எப்படியும் சுமக்கப் போகுது. குடிக்கற தண்ணியாச் சுமக்கட்டுமே."

"நல்ல யோசனைதான். நடுக்கடல்ல மூழ்கினாலும் தாகத்துல சாக மாட்டே."

"உன் வாயில டீசலை ஊத்த!"

"டோஞ்சி அண்ணன் சின்னச் சின்னக் கேன்ல இல்ல தண்ணி வெச்சிருப்பாரு?"

"அந்தக் கேனெல்லாம் இப்போ எண்ணெய்க்கு ஆயிடுச்சு. வயிறு முழுக்கத் தண்ணி இருக்கறப்போ கேன் எதுக்கு?"

அந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல புத்தியே சில நேரம் கண்ணை மறைத்துவிடுகிறது.

பெரினா அடுத்த வாரங்களில் அந்த வயிற்றிலிருந்து கைப்பம்பால் தண்ணீர் எடுத்துத் தளம் கழுவினாள், துணி அலசினாள், கேட்டவர்களுக்கு ஒரு வாளி கொடுத்து அனுப்பினாள். "ஏரியம்மா வர்றாங்க," என்று துறையில் கேலி செய்தார்கள். அந்தக் கேலி அவளுக்குப் பிடித்திருந்தது. யாராவது ஏதாவது சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஜூன் மாதத்தில், ஊறுகாய்க்குக் கேப்பர் மொட்டு பறிக்க அவள் தனியாக சூஹாவுக்குப் போனாள். சூஹா ஆளில்லாத தீவு. கல்லும் ஆடும் கல்லிடுக்கில் கேப்பர் செடியும்தான் அங்கே உண்டு. ஊருக்குத் தெற்கே, பாய்ப்படகில் அரை நாள் தூரம். ஒரு புட்டித் தண்ணீர், ரொட்டி, உப்பு மத்தி, காப்பித்தூள் இவ்வளவுதான் கையில் எடுத்துப் போனாள். மீதிக்குத்தான் வயிறு இருக்கிறதே.

தெற்குக் குடாவுக்குள் திரும்பியதும் அவள் முகம் சுருங்கியது. கரையில் குஸ்மாவின் விசைப்படகு ஏற்றிவைக்கப்பட்டிருந்தது. ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் காலம் என்பதை அவள் மறந்துவிட்டாள்.

சூஹாவின் ஆடுகளும், மேட்டிலிருந்த கல்குடிசையும், மழைத்தொட்டியும் குஸ்மாவுடையவை. பல வருடங்களுக்கு முன்னால் டோஞ்சியின் நாய் அவனுடைய ஆட்டுக்குட்டிகளைக் கடித்துக் கொன்றது. குஸ்மா நாயைச் சுட்டான். அன்றிலிருந்து இரண்டு வீடுகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே கோவிலில் ஒரே கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாசலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். டோஞ்சியை அடக்கம் செய்த அன்று குஸ்மா கல்லறைத் தோட்டத்துக்குள் வரவில்லை. ஆனால் வெளிக்கதவோரம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசி ஆள் வெளியே வரும்வரை நின்றான். பெரினா அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் நடந்து போனாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இனித் திரும்ப முடியாது. குடாவின் மறுமூலையில் நங்கூரம் போட்டு, பின்கயிற்றைக் கரையிலிருந்த பாறையில் கட்டினாள். நாளை மொட்டைப் பறித்துக்கொண்டு அவன் முகத்தில் விழிக்காமல் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை காப்பி உப்புக் கரித்தது. தூள்தான் கெட்டுவிட்டதோ என்று பம்பிலிருந்து வெறும் தண்ணீரை ஒரு வாய் பிடித்தாள். துப்பிவிட்டாள். உப்பு மட்டுமல்ல, பாசி நாற்றமும் அடித்தது. அலசினோமே என்று தோன்றியது. அவள் அலசியது கை எட்டிய இடத்தைத்தான். பழைய கடல் மூலைகளில் ஒட்டிக்கொண்டிருந்து, வெயிலில் ஊறி, நல்ல மழையையும் தன் பக்கம் இழுத்துவிட்டிருந்தது.

சரி, மொட்டு போகட்டும், புட்டியில் இருக்கும் தண்ணீர் வீட்டுக்குப் போகும்வரை போதும் என்று அவள் பாயை அவிழ்த்தாள். அப்போதுதான் பூரா என்னும் வடகாற்று அடிக்கத் தொடங்கியது. அது கேட்டுக்கொண்டா வரும்? வானம் கண்ணாடிபோல் துடைத்துக் கிடந்தது. வடக்கே கடல் முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் புகைந்தது. ஊர் வடக்கில் இருந்தது. பூரா ஓயும்வரை சூஹாவிலிருந்து ஊருக்கு யாரும் போக மாட்டார்கள், குஸ்மாவின் விசைப்படகும்கூட.

குடாவுக்குள் அலை இல்லை. ஆனால் மேட்டிலிருந்து காற்று கல் உருண்டு வருவதுபோல் இறங்கியது. முதல் அடியிலேயே படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த படகு நிமிரவில்லை. கீழே வயிற்றுக்குள் தண்ணீர் சாய்ந்த பக்கமாகவே ஓடித் திரண்டு நிற்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கெண்டி பறந்து சுவரில் மோதியது. படகு மெல்ல, வேண்டாவெறுப்பாக நிமிர்ந்து, உடனே மறுபக்கம் விழுந்தது.

டோஞ்சி எத்தனையோ முறை சொல்லியிருந்தான்: "வயிறு ரொம்பியிருக்கணும். இல்லாட்டி சுத்தமாக் காலியா இருக்கணும். பாதி வயிறு நம்மளக் கவுத்துடும், பெரினா." அவள் வாரக்கணக்கில் வாளி வாளியாக எடுத்துப் பாதி வயிறாக்கி வைத்திருந்தாள்.

வால்வின் பிடியில் கை வைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. உள்ளே இருந்தது கெட்ட தண்ணீர்தான். ஆனாலும் அது மழை. வீட்டுக் கூரையில் விழுந்த மழை, கணவன் மெழுகிய தொட்டியில் நிறைந்து வழிந்த மழை. கொதிக்கவைத்து வடிகட்டினால் ஒருவேளை வாயில் வைக்கலாமோ என்ற எண்ணம் இன்னும் இருந்தது. படகு மறுபடி சாய்ந்தது. "மாதாவே," என்று சொல்லி வால்வைத் திறந்தாள். கடல் உள்ளே வந்தது. காற்றுத் துளையில் சீறல் கேட்டு, மெல்ல அடங்கியது. படகு கனத்து, அமைதியாக, தன் கயிற்றில் நின்றது.

படகு பிழைத்தது. குடிக்கத்தான் ஒன்றும் இல்லை.

புட்டி அன்று மாலையே தீர்ந்தது. மறுநாள் வெயில் ஏறிய பிறகும் அவள் கரையில் இறங்கவில்லை. மேட்டில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அங்கே குஸ்மா இருக்கிறான். உப்பு மத்தியைத் தொட முடியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. செபமாலையை உருட்டினாள். "எங்கள் அனுதின உணவை" என்ற இடத்தில் நின்றுபோனாள். உணவைக் கடவுளிடம் கேட்கலாம், தண்ணீரைக் குஸ்மாவிடம் கேட்க முடியாதா? இந்தக் கேள்வி அவளுக்கே சங்கடமாக இருந்தது. படகில் தவறிக் கிடந்த ஒரே ஒரு காலிக் கேனை எடுத்துக்கொண்டு மேலே நடந்தாள்.

குஸ்மா குடிசை நிழலில் உட்கார்ந்து, கிழட்டுப் பெண்ணாடு ஒன்றை முழங்காலிடையே கிடத்தி ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தான். மெலிந்த, உயரமான கிழவன். தலையை நிமிர்த்தவில்லை. பெரினா சற்றுத் தள்ளி நின்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்று காலை எடுத்தாள்.

"பாத்தியாடி கிழவி," என்றான் குஸ்மா, ஆட்டின் காதருகே குனிந்து. "துறையில என்னமோ ஏரியவே வயித்துல வெச்சிருக்காங்கன்னு பேசிக்கிட்டாங்க. இப்போ காலிக் கேனோட வந்து நிக்கிறாங்க."

பெரினா உதட்டைக் கடித்தாள். பிறகு அவளும் ஆட்டைத்தான் பார்த்தாள்.

"ஏரி உப்பாயிடுச்சுன்னு சொல்லு, கிழவி."

"உப்பாகாம? தொட்டின்னா மூலை இருக்கும், மூலைன்னா சேறு இருக்கும். கழுவினாங்களா கேளு."

"நல்லாத்தான் கழுவினாங்கன்னு சொல்லு."

ஆடு நீளமாகக் கத்தியது.

"இல்லைங்கறா," என்றான் குஸ்மா. "இவளுக்குப் பொய் சொல்ல வராது."

பெரினாவுக்குச் சிரிப்பு முட்டியது. காய்ந்த தொண்டையில் அது இருமலாக வந்தது. இருமல் அடங்கும்வரை கத்தரிக்கோல் நின்றிருந்தது.

"கேனை வெச்சிட்டுப் போகச் சொல்லு," என்றான் அவன் ஆட்டிடம்.

"எதுக்கு? தொட்டி இங்கதானே இருக்கு. நாங்களே மொண்டுக்குவோம்னு சொல்லு."

"மூடி கனம். பொம்பளைங்களுக்கு வராது."

"பொம்பளைங்க இந்த ஆட்டையும் தூக்குவாங்க, இதை வெச்சிருக்கறவனையும் தூக்குவாங்க."

"மூடியில யாரும் கை வைக்கக் கூடாது!" குரல் திடீரென்று உயர்ந்தது. ஆடு துள்ளியது. "தொட்டி என்னுது. கேனை வெச்சிட்டுப் போகச் சொல்லு."

அவளுக்கு முகம் சுட்டது. தன் வீட்டுத் தண்ணீரைக் கேட்டவர்களுக்கெல்லாம் வாளி வாளியாகக் கொடுத்தவள் அவள். இவனுக்கோ தொட்டியை எட்டிப் பார்க்க விடுவதற்குக்கூட மனம் வரவில்லை. கஞ்சன் என்று நினைத்துக்கொண்டாள். கேனைக் கல்லின் மேல் ஓசை வரும்படி வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

சிறிது நேரத்தில் கரைப்பாறையின் நிழலில் கேன் நின்றது. நிரம்பியிருந்தது. பூச்சி விழாதபடி வாயில் ஓர் அத்தி இலையைச் சுருட்டி அடைத்திருந்தான். குஸ்மா ஏற்கெனவே பாதி மேட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தான். பெரினா கேனைத் தூக்கி வாய்வழியக் குடித்தாள். குளிர்ந்த, தெளிந்த தண்ணீர். சுண்ணாம்பின் லேசான வாசனையோடு, ஊர்த் தொட்டித் தண்ணீர்போலவே இருந்தது. கஞ்சனின் தொட்டி நல்ல தொட்டிதான் என்று நினைத்தாள்.

பூரா அடித்த நாளெல்லாம் இப்படியே நடந்தது. காலையில் அவள் காலிக் கேனைப் பாறையில் வைப்பாள், அது நிரம்பி வந்து நிற்கும். ஒருநாள் தூண்டிலில் விழுந்த மீன்களைச் சுட்டு, தட்டில் மூடிப் பாறையில் வைத்தாள். தட்டு கழுவித் துடைத்த மாதிரி வந்தது, மேலே ஒரு துண்டு ஆட்டுப் பாற்கட்டியோடு. எதைக் கொண்டு கழுவினான் என்று அவள் யோசிக்கவில்லை. பேச்சு மட்டும் இல்லை. மாலையில் அவள் படகின் முனையில் உட்கார்ந்திருப்பாள், மேலே குடிசையில் புகை எழும். ஒரே தீவில் இரண்டு பேர் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது, வீட்டில் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதைவிட எவ்வளவோ மேல் என்று பெரினாவுக்குத் தோன்றியது. அதை ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

ஒரு காலையில் காற்று நின்றது. கடல் எண்ணெய்போல் கிடந்தது. வழிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஆட்டிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவள் மேலே ஏறினாள். குடிசையில் யாரும் இல்லை. குஸ்மா ரோமம் கத்தரித்த ஆடுகளைத் தீவின் மறுகோடிக்கு ஓட்டிப் போயிருந்தான். தூரத்தில் சீழ்க்கை கேட்டது.

தொட்டி மூடி அவள் முன்னால் இருந்தது. சற்று நேரம் தயங்கினாள். பிறகு இரண்டு கையாலும் தள்ளினாள். கனம்தான், ஆனால் அவளுக்கு வந்தது. வாளியை இறக்கினாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வாளி கல்லில் தட்டியது. மேலே வந்தபோது அதில் ஒரு கையளவு பழுப்புக் குழம்பும் செத்த வண்டுகளும் இருந்தன. குனிந்து பார்த்தாள். தொட்டியின் பூச்சு மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. வசந்தத்தின் மழை எப்போதோ கல்லுக்குள் போய்விட்டது.

குடிசையின் கதவு திறந்துகிடந்தது. உள்ளே ஊரிலிருந்து படகில் கொண்டுவரும் பெரிய நீலக் கேன் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் வாயடியில் ஒரு குவளை, கடைசிச் சொட்டுகளுக்காக. அடுப்பின் பக்கத்தில் ஒரு பானை. அதன் வாயில் துணி கட்டி, துணியின்மேல் வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது. பானைக்குள் வடித்த தண்ணீர் தேயிலைச் சாறுபோல் இருந்தது.

பெரினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குடித்த தண்ணீர் ஊர்த் தொட்டித் தண்ணீர் மாதிரி இருக்கவில்லை, ஊர்த் தொட்டித் தண்ணீரேதான். அவன் தனக்கென்று கொண்டுவந்ததை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ஆடுகளோடு சேர்ந்து சேற்றை வடித்துக் குடித்திருக்கிறான். மூடியில் கை வைக்கக் கூடாது என்று கத்தியதும் இதற்காகத்தான். பார்த்திருந்தால் அவள் ஒரு சொட்டும் வாங்கியிருக்க மாட்டாள். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

முதலில், காத்திருந்து அவன் முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் நன்றி சொல்வதென்றால் மூடியைத் திறந்ததையும் சொல்ல வேண்டும். அவன் இவ்வளவு பாடுபட்டு மறைத்ததை, பார்த்துவிட்டேன் என்று அவன் கையிலேயே கொடுப்பதாகும். சில உதவிகளை உதவியவருக்குத் தெரியாமல்தான் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும். அவள் வாளிக் குழம்பைச் சிந்தாமல் திரும்ப உள்ளே இறக்கினாள். மூடியை இருந்தபடியே தள்ளி வைத்தாள். கேனில் தண்ணீர் பிடிக்காமல் இறங்கினாள்.

கயிற்றை அவிழ்க்கும்போது குஸ்மா மேட்டில் வந்து நின்றான். கிழட்டு ஆடு கரைக்கு வந்து கூழாங்கல்லை நக்கிக்கொண்டிருந்தது.

"கிழவி," என்று பெரினா மேட்டுக்கும் கேட்கும்படி கத்தினாள். "போயிட்டு வரேன்னு சொல்லு!"

படகு குடாவின் முனையைத் தாண்டும்போதுதான் மேட்டிலிருந்து குரல் வந்தது: "வயித்த ரொப்பிக்கிட்டுப் போகச் சொல்லுடி!"

துறையில் பெப்போ கயிற்றைப் பிடித்தான். "ஏரி எப்படிக்கா இருக்கு?"

"உப்பு," என்றாள் பெரினா. "வயிறு வேற, தொண்டை வேற, பெப்போ. கேன் இருந்தா எடு. சின்னதா, தூக்க முடியற மாதிரி."

கேலி செய்ய வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேன் எடுக்கப் போனான். அதன் பிறகு டோஞ்சி வைத்திருந்ததுபோலவே வைத்தாள். வயிற்றில் கடல். குடிக்கிற தண்ணீர் கேன்களில், வெளிச்சம் படாமல், படகின் நடுக்கோட்டையொட்டித் தாழ்வாக, ஒன்று கெட்டாலும் மற்றது கெடாதபடி தனித்தனியாக.

ஊரில் எதுவும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் குஸ்மா வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் படியில் அவள் இறங்க வசதியாக ஓரடி ஒதுங்கி நின்றான். அவளும் தலையைக் குனிந்து அந்த ஓரடியில் இறங்கிப் போனாள். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் ஒரு கோப்பைதான் எடுத்தாள்.

ஜூலையில் ஒரு சொட்டு மழை இல்லை. குஸ்மா தொட்டியின் பிளவைத் தன் கையாலேயே பூசினான். பூசிய தொட்டிக்கு நிரம்ப மழை வேண்டும். அதுவரை ஊரிலிருந்து விசைப்படகில் தண்ணீர் கொண்டுபோய் ஆடுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். பெரினா ஜன்னலிலிருந்து அவன் படகு போவதையும் வருவதையும் பார்ப்பாள். உதவி கேட்கிற ஆள் அவன் இல்லை. வலிய நீட்டினாலும் கை நீட்டி வாங்க மாட்டான்.

ஆகஸ்டில், விண்ணேற்பு மாதா திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை, அவள் ரொட்டி வாங்கிக்கொண்டு துறை வழியே வந்தாள். குஸ்மாவின் படகு கட்டிக் கிடந்தது. இன்ஜின் மூடி திறந்திருந்தது. தளம் முழுக்கக் கறுப்பு எண்ணெய்.

"போச்சு," என்றான் பெப்போ. "நேத்தே படுத்துடுச்சு. மெக்கானிக் திருவிழா முடிஞ்சுதான் வருவானாம்."

"ஆடுங்க?"

"அதைத்தான் நானும் கேட்டேன். நேத்துலேர்ந்து தண்ணியில்லாம நிக்குதுங்க. 'வேற யாரையாவது போகச் சொல்லட்டுமா'ன்னேன். 'என் ஆடு, என் பாடு'ன்னுட்டான். காலையில மாதா சுரூபம் தூக்கணும் அவன். அவங்கம்மா சாகக் கெடந்து பொழைச்சப்போ நேர்ந்துக்கிட்டது, ஒரு வருஷம்கூட விட்டதில்ல. இந்த வருஷம் தூக்கிட்டுப் போறப்போ அவன் மூஞ்சியப் பாரு நீ. மனசு முழுக்க சூஹாவுலதான் இருக்கும்."

"யாராவது போகலாமே."

"திருவிழா அன்னைக்கா? எல்லாப் படகும் பவனியில இல்ல நிக்கும்? நீதான் செபமாலைக்கு முன்வரிசை. நீ போவியா?"

பெரினா ரொட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

அன்று ஊரே கோவிலில் பூக்கட்டிக்கொண்டிருந்தது. சந்தில் யாரும் இல்லை. பெரினாவின் வீட்டுத் தொட்டியும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர்க் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவள் வாளியை இறக்கி இறக்கிக் கேன்களை நிரப்பினாள். துணி துவைக்கப் போகிறவள்போல் கைவண்டியில் ஈரத் துணியைப் போர்த்தித் தள்ளிக்கொண்டு போனாள். படகில் கேன்களை நடுக்கோட்டில் வரிசையாக வைத்து, சரியாதபடி கயிற்றால் கட்டினாள். வயிறு நிறையக் கடல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள்.

விடியும்போது கரைக்காற்று மெல்ல வீசியது. வருடாவருடம் அவள் திருநாள் பூசைக்குப் போகாமல் இருந்ததில்லை. படகு துறைவாயைத் தாண்டும்போது கோவிலின் முதல் மணி அடித்தது. பெரினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அம்மா," என்றாள், ஊர்ப்பக்கம் திரும்பி. "உன்னைச் சுமக்கற தோள்ல ஒண்ணு அவனோடது. அவன் சுமக்க வேண்டியதை இன்னைக்கு நான் சுமக்கறேன். கோவிச்சுக்காதே."

சூஹாவில் வெயில் அதற்குள் கல்லைச் சுட வைத்திருந்தது. ஆடுகள் தாங்கள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியைச் சுற்றிப் படுத்துக் கிடந்தன. சில, காய்ந்த அடியை நக்கிக்கொண்டிருந்தன. அவள் கேன்களை ஒவ்வொன்றாக மேலே சுமந்தாள். பாதை செங்குத்து. பாதியில் கேனை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள், தோள் மாற்றினாள், மறுபடி ஏறினாள். தனக்கென்று ஒரு புட்டி வைத்திருந்தாள். அது படகில் இருந்தது. ஊரில் அந்நேரம் பவனி தொடங்கியிருக்கும். செபமாலையை யார் தொடங்கி வைப்பார்கள் என்று யோசித்தாள். ஏறும் மூச்சோடு மூச்சாகத் தானே தொடங்கினாள்.

முதல் தண்ணீர் கல்தொட்டியில் விழுந்ததும் ஆடுகள் எழுந்து வந்தன. ஒன்றையொன்று தள்ளி, தலையை நுழைத்து, சத்தமில்லாமல் குடித்தன. அவை நிறுத்தும்வரை ஊற்றினாள். தொட்டியின் விளிம்புவரை மறுபடி நிரப்பி வைத்தாள். மீதியிருந்த கேன்களை மழைத்தொட்டிக்குக் கொண்டுபோனாள். மூடியைத் தள்ளினாள். புதுச் சுண்ணாம்பின் வாசனை மேலே வந்தது. ஒவ்வொரு கேனாகச் சாய்த்தாள். வெகு கீழே தண்ணீர் தரையைத் தொடும் ஓசை, முதலில் கல்லின்மேல் விழுவதுபோலவும், பிறகு தண்ணீரின்மேல் தண்ணீர் விழுவதுபோலவும் கேட்டது.

மூடியை முன்பிருந்தபடியே இழுத்து வைத்தாள். காலிக் கேன்களைக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். வழியில் சிந்திய ஈரம் அவள் முதல் வளைவைத் தாண்டுவதற்குள் கல்லில் காய்ந்துவிட்டது.